தொகுத்தறியும் கலை

மனிதன் தன் வாழ்நாளில் தானே கண்டறியக் கூடியது சிறிது. பிறர் கண்டறிந்து வைத்ததைக் கற்றுப் பெறக் கூடியதோ பெரிது. ஆயினும், பிறர் சொன்ன அனைத்தும் ஒரே தன்மையன அல்ல. ஒருவர் 'ஆம்' என்பதை மற்றொருவர் 'இல்லை' என்பார். இருவரும் கற்றவர், இருவரும் உண்மையை நாடியவர். அந்நிலையில் நாம் யார் சொல்லை ஏற்பது? இவ்வினாவுக்கு விடைகாண அறிவுலகம் வகுத்துள்ள ஒரு நெறியையும், அந்நெறியில் விளைந்த நூல்களை நூலகத்தில் தேடிப் பெறும் முறையையும் இப்பாடத்தில் காண்போம்.

கொங்கு நாட்டு உழவர்க்கு இவ்வினா புதிதன்று. அடுத்த தோட்டத்தில் புதிய பருத்தி ஒன்று நன்கு காய்த்தது என்று கேள்வியுற்றவுடன், எந்த உழவரும் தம் நிலம் முழுவதிலும் அதனை விதைத்துவிடமாட்டார். அந்நிலம் கரிசலா செம்மண்ணா, கிணற்றில் நீர் எவ்வளவு இருந்தது, எத்தனை முறை நீர் பாய்ச்சப்பட்டது, அவ்வாண்டு மழை எப்படி, வேறு யாருடைய தோட்டத்திலேனும் அது விளைந்ததா என்றெல்லாம் கேட்பார். ஒரு தோட்டத்து விளைச்சல் ஒரு செய்தி. பல தோட்டத்து விளைச்சலே பாடம் என்பது அவர் பட்டறிந்த உண்மை.

இவ்வுண்மையை அறிவியல் நெறியாக வளர்த்த ஊர்களுள் கோவையும் ஒன்று. 1912-ஆம் ஆண்டு அங்கே கரும்பு இனப்பெருக்க நிலையம் நிறுவப்பெற்றது. பார்பர் என்னும் ஆங்கிலேய அறிஞரும், வெங்கட்ராமன் என்னும் தமிழ் அறிஞரும், இனிப்பு மிகுந்த கரும்பினை நாணல் போன்ற காட்டுக் கரும்போடு கலந்து புதிய வகைகளை உருவாக்கினர். அவற்றுள் ஒன்றான கோ 205 என்பது 1918-இல் வெளியிடப்பெற்று வட இந்திய வயல்களில் பரவியது. பெயரில் உள்ள 'கோ' என்னும் எழுத்து கோவையைக் குறிப்பதாகும். இன்றும் புதிய பயிர் வகை ஒன்றை வெளியிடுமுன், அதனைப் பல ஆராய்ச்சி நிலையங்களிலும், பின்னர் உழவர்களின் வயல்களிலும், பல பருவங்களில் பயிரிட்டுப் பார்ப்பதே கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வழக்கம். ஓரிடத்தில் கண்ட நன்மை பல இடங்களிலும் நிலைக்கின்றதா என்று அறிந்த பின்னரே விதை உழவர் கைக்கு வருகின்றது.

பயிருக்கே இவ்வளவு கவனம் வேண்டுமாயின், உயிர்காக்கும் மருத்துவத்துக்கு எவ்வளவு வேண்டும்! நம் நாட்டில் நிகழ்ந்த ஒரு வரலாற்றைக் கேளுங்கள்.

வைட்டமின் ஏ என்னும் சத்து முருங்கைக்கீரை, பப்பாளி, மாம்பழம், காரட்டு முதலியவற்றை உண்பதால் நம் உடலுக்குக் கிடைக்கின்றது. அது குறைந்தால் மாலைக்கண் நோய் உண்டாகும். குறை முற்றினால் பார்வையே போகும். குழந்தைகளை அக்கேட்டிலிருந்து காக்கும் பொருட்டு 1970-ஆம் ஆண்டிலேயே நம் அரசு ஒரு திட்டம் வகுத்தது. இச்சத்து கண்ணை மட்டுமன்றிக் குழந்தையின் உயிரையும் காக்குமோ என்னும் ஐயம் பின்னர் எழுந்தது. அதனை அறியத் தென்னிந்தியாவில் இரண்டு பெரிய ஆய்வுகள் நடைபெற்றன. ஒன்றினை மதுரை அரவிந்த் மருத்துவமனையைச் சார்ந்த அறிஞர்கள் தமிழ்நாட்டில் நடத்தினர். மற்றொன்றினை ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் நடத்தினர். ஒவ்வோர் ஆய்விலும் ஏறத்தாழ 15,000 குழந்தைகள் பங்குபெற்றனர். இரண்டின் முடிவுகளும் 1990-ஆம் ஆண்டிலேயே வெளிவந்தன.

மதுரை அறிஞர்கள் வாரந்தோறும் சிறிதளவு வைட்டமின் ஏ கொடுத்தனர். குழந்தைகளின் இறப்பு 54 விழுக்காடு குறைந்தது என்று கண்டனர். ஐதராபாத்து அறிஞர்கள் ஆறு திங்களுக்கு ஒருமுறை பேரளவாகக் கொடுத்தனர். இறப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று கண்டனர். முதலாவதை மட்டும் படித்தவர், 'இஃது அருமருந்து' என்பார். இரண்டாவதை மட்டும் படித்தவர், 'இதனால் பயனில்லை' என்பார். இருவருமே அச்சிட்ட சான்றினைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசுவர்!

இச்சிக்கலை அவிழ்க்க வழி என்ன? உலகெங்கும் நடந்த இத்தகைய ஆய்வுகள் அனைத்தையும் தேடித் திரட்டி, ஒரே அளவுகோலால் அளந்து, ஒருங்கு வைத்துக் காண்பதே வழி. 1993-ஆம் ஆண்டு கனடா நாட்டு அறிஞர் பீட்டனும் அவர்தம் குழுவினரும் இறப்பைப் பற்றிய எட்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்தனர். இறப்பு 23 விழுக்காடு குறைகின்றது என்பது அவர்கள் கண்ட முடிவு. மதுரையில் கண்ட அளவு பெரும்பயன் அன்று. ஐதராபாத்தில் கண்டதுபோல் பயனின்மையும் அன்று. இவ்வாறு ஒரு வினாவைக் குறித்து, முன்கூட்டியே வகுத்த நெறிப்படி, கிடைக்கும் ஆய்வுகள் அனைத்தையும் தேடித் திரட்டி, தரம் பிரித்து, தொகுத்து முடிவு காணும் நூலுக்கு முறைசார் தொகுப்பாய்வு என்று பெயர்.

இதற்கும் சாதாரணக் கட்டுரைக்கும் உள்ள வேறுபாட்டை உணர்தல் வேண்டும். கட்டுரையாசிரியர் தமக்குத் தெரிந்த ஆய்வுகளை, தமக்கு இசைந்த ஆய்வுகளை எடுத்துக்காட்டிச் செல்லலாம். தொகுப்பாய்வாளர்க்கு அவ்வுரிமை இல்லை. எங்கே தேடினார், எச்சொற்களால் தேடினார், எத்தனை ஆய்வுகள் கிடைத்தன, எவற்றைத் தள்ளினார், ஏன் தள்ளினார் என்று ஒவ்வொன்றுக்கும் அவர் கணக்குக் காட்டுதல் வேண்டும். ஈரோட்டுப் பகுதியில் காலிங்கராயன் வாய்க்கால் பாய்கின்றது. தலைமதகில் புகுந்த நீர் எவ்வளவு, கிளை வாய்க்கால்களில் பிரிந்தது எவ்வளவு, கடைமடைக்கு வந்து சேர்ந்தது எவ்வளவு என்று கணக்கிடுவது போன்றதே இதுவும். இக்கணக்கினை ஒரு படமாக வரைந்து நூலிலேயே காட்டுவதும் இன்று வழக்கமாகிவிட்டது.

தேடலில் மற்றொரு கவனமும் வேண்டும். வெற்றி பெற்ற ஆய்வுகள் விரைவில் அச்சேறும். தோல்வியுற்றவை பெரும்பாலும் மேசை அறைக்குள் உறங்கும். மஞ்சள் வாங்கும் வணிகர் மூட்டையின் வாயில் தெரியும் விரலிமஞ்சளை மட்டும் பார்த்து விலை கூறுவாரோ? அடியில் உள்ளதையும் எடுத்துப் பார்த்தபின் அன்றோ கூறுவார்! அதுபோல, அச்சேறாத ஆய்வுகளையும் தேடிக் காண்பது நல்ல தொகுப்பாய்வாளரின் கடமையாகும்.

இந்நெறி ஒரு நாளில் தோன்றியதன்று. 1747-இல் பன்னிரண்டு மாலுமிகளைக் கொண்டு, ஈறுகளில் குருதி வடியும் ஸ்கர்வி நோய்க்கு மருந்து தேடிய ஜேம்ஸ் லிண்டு என்பார், 1753-இல் வெளியிட்ட தம் நூலில், தமக்கு முன்னோர் எழுதியவற்றையெல்லாம் திரட்டி ஆராய்ந்தார். 1904-இல் கார்ல் பியர்சன் என்னும் கணித அறிஞர், குடற்காய்ச்சல் தடுப்பூசி பற்றி, இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் இருந்த படைவீரர்களிடம் திரட்டிய கணக்குகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார். 1979-இல் ஆர்ச்சி காக்ரேன் என்னும் பிரித்தானிய மருத்துவர், தம் துறையின் ஆய்வுகளைக் காலந்தோறும் தொகுத்துத் தர மருத்துவ உலகம் தவறிவிட்டதே என்று கடிந்துரைத்தார். அவர் 1988-இல் மறைந்தார். அவர் சொல்லைச் செயலாக்க, 1993-இல் அவர் பெயராலேயே ஓர் உலகக் கூட்டமைப்புத் தோன்றியது.

அக்கூட்டமைப்பின் முத்திரையில் ஒரு துயரக் கதை பொறிக்கப்பட்டுள்ளது. குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளின் நுரையீரல் முதிர்ச்சி பெறாமையால் மூச்சுத் திணறி இறப்பதுண்டு. மகப்பேற்றுக்கு முன் தாய்க்கு ஒருவகை மருந்தினைச் சிலமுறை கொடுத்தால் இவ்விறப்புக் குறையும் என்று நியூசிலாந்து நாட்டு மருத்துவர்கள் லிக்கின்சும் ஓவியும் 1972-இல் காட்டினர். அதன்பின் வேறு பலரும் ஆய்ந்தனர். தனித்தனியே பார்த்தால் அவ்வாய்வுகளுட் பல சிறியன, ஐயத்துக்கு இடந்தருவன. அவற்றைத் தொகுத்துக் காட்டிய முதல் நூல் 1989-இல்தான் வெளிவந்தது. அதுவரை பெரும்பாலான மருத்துவர்கள் அம்மருந்தின் பயனை உணராதிருந்தனர். இடைப்பட்ட ஆண்டுகளில் காத்திருக்கலாகாத குழந்தைகள் பல்லாயிரவர் வீணே இறந்திருக்கக் கூடும் என்பர். மருந்து இருந்தது, ஆய்வும் இருந்தது, தொகுத்துக் காட்டுவார் இல்லை. முத்திரையில் உள்ள சிறு கோடுகள் அவ்வாய்வுகளையே குறிக்கின்றன.

இத்தகைய நூல்களை நாம் எங்கே காண்பது? நூலகத்திலேதான். நூலகம் எல்லார்க்கும் உரியது என்னும் கொள்கை நம் நாட்டில் வேரூன்றியதற்குக் காரணமானவர்கள் பலர். சீர்காழியில் பிறந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, நூலக இயலுக்கு ஐந்து விதிகளை வகுத்த அரங்கநாதன் அவர்களை நாம் மறத்தலாகாது. அவர் பல்லாண்டு வலியுறுத்திய பொது நூலகச் சட்டம் 1948-இல் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் நூலகச் சட்டம் அதுவே. அப்பொழுது கல்வியமைச்சராய் இருந்து அதனைக் கொணர்ந்தவர், திருப்பூரில் பிறந்த அவினாசிலிங்கனார் ஆவார். அவர் நிறுவிய தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் வாயிலாக, ஈரோட்டுப் பகுதியைச் சார்ந்த பெரியசாமித் தூரனார் முதன்மை ஆசிரியராய் இருந்து, தமிழ்க் கலைக்களஞ்சியத்தைப் பத்துத் தொகுதிகளாக 1954 முதல் 1968 வரை வெளிக்கொணர்ந்தார். சிதறிக் கிடக்கும் அறிவை ஓரிடத்தே திரட்டி எல்லார்க்கும் வழங்குதல் கொங்கு நாட்டார்க்குக் கைவந்த தொண்டு என்பதற்கு இவ்விருவரும் சான்றாவர்.

இன்று நூலகத்தின் அலமாரிகளோடு கணினித் தரவுத்தளங்களும் சேர்ந்துள்ளன. 1879-இல் அமெரிக்காவில் அச்சு நூலாகத் தொடங்கிய மருத்துவக் கட்டுரை அட்டவணையின் வழித்தோன்றலாக, 1996-இல் பப்மெட் என்னும் தரவுத்தளம் பிறந்தது. அடுத்த ஆண்டு முதல் அது யாவர்க்கும் கட்டணமின்றித் திறந்துவிடப்பட்டது. தொகுப்பாய்வுகளுக்கென்றே காக்ரேன் நூலகம் உள்ளது. அதன் நூல்களை இந்தியர் எவரும் கட்டணமின்றிப் படிக்க, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2007-இல் வழிசெய்தது. வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் தெற்காசியாவுக்குரிய காக்ரேன் மையமும் அமைந்தது. சில தொகுப்பாய்வுகளின் எளிய சுருக்கங்கள் தமிழிலும் பெயர்க்கப்பட்டுள்ளன. கல்வி, சமூகநலம் முதலிய துறைகளுக்குக் காம்பெல் கூட்டமைப்பின் நூலகமும், வேளாண்மைக்குக் கேப் அப்ஸ்ட்ராக்ட்ஸ் என்னும் தரவுத்தளமும் துணைபுரிகின்றன.

இனித் தேடும் முறையைக் காண்போம். கோவையில் மனையியலோ மருத்துவமோ பயிலும் மாணவி ஒருத்தி, வைட்டமின் ஏ பற்றி அறிய விரும்புகின்றாள் எனக் கொள்வோம். 'வைட்டமின் ஏ நல்லதா?' என்று கேட்டால் கடலில் வலை வீசியது போலாகும். ஆகவே வினாவை முதலில் நான்கு கூறாகப் பிரித்தல் வேண்டும். யாருக்கு? ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு. எது? வைட்டமின் ஏ மருந்து. எதனோடு ஒப்பிட்டு? அதனைப் பெறாத குழந்தைகளோடு. எப்பயன் கருதி? இறப்புக் குறைதல் கருதி. வினா தெளிந்தால் விடை பாதி கிடைத்தது போலாகும்.

அடுத்து, ஒவ்வொரு கூற்றுக்கும் உரிய சொற்களைத் திரட்டுதல் வேண்டும். நிலக்கடலை என்பதை ஓரூரார் வேர்க்கடலை என்பர். மற்றோரூரார் மணிலாக்கொட்டை என்பர். ஒரு பெயரை மட்டும் சொல்லித் தேடுபவர் மற்றப் பெயர்களால் எழுதப்பட்டவற்றை இழப்பார். வைட்டமின் ஏ என்பதும் அவ்வாறே. அறிஞர் சிலர் அதனை ரெட்டினால் என்று எழுதியிருப்பர். இத்தொல்லையை நீக்கவே நூலகத்தார் ஒரு பொருளுக்குப் பல பெயர் இருப்பினும் ஒரு பொருள்தலைப்பினைத் தேர்ந்து, எல்லாக் கட்டுரைகளையும் அதன்கீழ் அடைவு செய்கின்றனர். மருத்துவத்துக்கென 1960-இல் வகுக்கப்பட்ட பொருள்தலைப்புப் பட்டியல் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகின்றது. பொருள்தலைப்பையும் வழக்குச் சொற்களையும் சேர்த்துத் தேடுவதே சிறந்த முறை. பெரும்பாலான தரவுத்தளங்கள் ஆங்கிலத்தில் அமைந்திருத்தலின், நம் கருத்துக்கு உரிய ஆங்கிலச் சொற்களை முன்னரே எழுதி வைத்துக்கொள்ளுதல் நலம்.

மூன்றாவதாக, அச்சொற்களை இணைத்தல் வேண்டும். 'அல்லது' என்னும் இணைப்புத் தேடலை விரிக்கும். 'உம்' என்னும் இணைப்பு அதனைச் சுருக்கும். 'வைட்டமின் ஏ அல்லது ரெட்டினால்' என்றால் இரண்டில் ஒன்று உள்ள கட்டுரைகள் யாவும் வரும். 'வைட்டமின் ஏ-உம் குழந்தையும் இறப்பும்' என்றால் மூன்றும் ஒருங்கே உள்ளவை மட்டும் வரும். ஆகவே, ஒரு கூற்றின் மாற்றுப் பெயர்களை 'அல்லது' கொண்டும், வெவ்வேறு கூறுகளை 'உம்' கொண்டும் இணைத்தல் வேண்டும். 'நீங்கலாக' என்னும் மூன்றாவது இணைப்பும் உண்டு. அது களையோடு பயிரையும் பறித்துவிடக் கூடும். ஆதலின் அளந்தே ஆளத்தக்கது.

நான்காவதாக, தேடும் இடத்தின் வரிசையை அறிதல் வேண்டும். மருத்துவ வினாவாயின், முதலில் காக்ரேன் நூலகத்தைப் பார்த்து, பின்னர்ப் பப்மெட்டைப் பார்த்தல் நன்று. பப்மெட்டில் கோடிக்கணக்கான கட்டுரைகளிடையே தொகுப்பாய்வுகளை மட்டும் பிரித்துக் காட்டும் வடிகட்டி ஒன்று உள்ளது. அதனைக் குறித்துவிட்டால், ஆயிரக்கணக்காய் வந்த கட்டுரைகள் படித்து முடிக்கத்தக்க அளவுக்குக் குறைந்துவிடும். இங்கிலாந்தின் யார்க்குப் பல்கலைக்கழகத்தார் 2011 முதல் நடத்தும் பிராஸ்பெரோ என்னும் பதிவேட்டில், தொடங்கி இன்னும் முடியாத தொகுப்பாய்வுகளையும் அறியலாம். தேடிய நாள், தேடிய தளம், ஆண்ட சொற்கள், கிடைத்த எண்ணிக்கை ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தல் மிகவும் இன்றியமையாதது. நாம் சென்ற வழியே பிறரும் சென்று அதே இடத்தை அடைய முடிந்தால்தான் அது தேடல். இன்றேல் தற்செயலாய்க் கண்டெடுத்தல்.

கிடைத்தது தொகுப்பாய்வு என்னும் பெயர் தாங்கியிருப்பதனாலேயே அதனை நம்பிவிடலாகாது. முன்கூட்டியே திட்டம் வகுத்தனரா? ஒருவர்க்கு மேற்பட்ட தளங்களில் தேடினரா? இருவர் தனித்தனியே ஆய்வுகளைத் தெரிந்து பின் ஒப்பிட்டனரா? குழந்தைகளை இரு பிரிவாக்கியபோது, குடவோலை எடுத்தாற்போலச் சீட்டு முறையில் நடுநிலையோடு பிரித்த ஆய்வுகளைத்தாம் சேர்த்தனரா? பொருளுதவி செய்தவர் யார்? இவ்வினாக்களுக்கு விடை தராத நூல் பெயரளவில் தொகுப்பாய்வே அன்றிப் பண்பளவில் அன்று. நெல்லோடு பதரையும் சேர்த்து அளந்தால் மரக்கால் நிறையும். பானையில் சோறு நிறையாது.

அன்றியும், வெளிவந்த ஆண்டினைப் பார்த்தல் வேண்டும். நாம் முன்னர்க் கண்ட வைட்டமின் ஏ வரலாறு 1993-உடன் முடிந்துவிடவில்லை. உத்தரப் பிரதேசத்தில் ஏறத்தாழ பத்து இலட்சம் குழந்தைகளைக் கொண்டு நடந்த பேராய்வு ஒன்றின் முடிவு 2013-இல் வெளிவந்தது. இறப்பு 4 விழுக்காடே குறைந்தது என்றும், அக்குறைவும் உறுதியானதன்று என்றும் அது கூறிற்று. காக்ரேன் தொகுப்பாய்வு 2010-இல் இறப்புக் குறைவை 24 விழுக்காடு என்று மதிப்பிட்டிருந்தது. அப்பேராய்வையும் சேர்த்து 2017-இல் புதுப்பித்தபோது 12 விழுக்காடு என்று மதிப்பிட்டது. அதில் இடம்பெற்றவை 47 ஆய்வுகள். பங்குபெற்றவர் ஏறத்தாழ 12 இலட்சம் குழந்தைகள். மதுரையில் 54, பின்னர் 23, 24, இறுதியில் 12. இவ்வெண்கள் மாறியது கண்டு அறிவியலை ஐயுறுதல் பேதைமை. புதிய சான்று வந்தபோது பழைய முடிவினைத் திருத்திக்கொள்ளும் நேர்மையே அதன் வலிமை. பத்தாண்டுக்கு முந்திய நூலைக் கையிலெடுத்தவர், அதன்பின் புதியது வந்துளதா என்று பார்த்தபின்னரே அதனை மேற்கோளாகக் கொள்ளுதல் வேண்டும்.

மாணவர்களே! நீங்கள் அனைவரும் மருத்துவர் ஆகப் போவதில்லை. உங்களுள் ஒருவர் ஆசிரியர் ஆகலாம். ஒருவர் தோட்டம் பார்க்கலாம். ஒருவர் நூற்பாலையில் பொறியாளராகலாம். ஒருவர் ஊராட்சிக்குத் தலைமை ஏற்கலாம். எத்தொழில் செய்யினும், 'இதைச் செய்தால் நலம் விளையுமா?' என்னும் வினா நாள்தோறும் உங்கள் முன் வந்து நிற்கும். செவிவழிச் செய்தி ஒன்று உடனே விடை சொல்லும். விளம்பரம் அதனினும் விரைந்து சொல்லும். நம் கருத்துக்கு இசைந்த ஒரே ஓர் ஆய்வைக் கண்டு மகிழ்ந்து, மாறானவற்றைக் காணாதது போல் இருந்துவிடவும் மனம் தூண்டும். அவ்வேளையில் சற்றே நின்று, 'இது குறித்து உலகோர் கண்டவை யாவை? இசைந்தவை எவை? மாறானவை எவை? அனைத்தையும் நடுநின்று தொகுத்தவர் உளரா?' என்று கேட்டுப் பழகுங்கள். விடை தேடி நூலகத்துக்குச் செல்லுங்கள். நூலகரைத் துணை கொள்ளுங்கள்.

தென்னிந்தியாவில் நடந்த அவ்விரு ஆய்வுகளுக்கும் தம் குழந்தைகளை ஒப்புவித்த தாய்மார் பெரும்பாலும் ஏழைகள். அவர்கள் தந்த நம்பிக்கையால் விளைந்த அறிவு அது. அதில் ஒரு மணியேனும் சிந்தாமல் திரட்டிப் பயன்கொள்ளுதல் கற்றவர் கடன். ஒரு வயலின் விளைச்சலைக் கண்டு துள்ளாமலும், ஒரு வயலின் பொய்ப்பைக் கண்டு துவளாமலும், ஊர் வயல் முழுவதையும் சுற்றிப் பார்த்து விதை தேரும் உழவரைப் போல, நாமும் அறிவுக் களத்தில் பொறுமையோடு தேடித் தொகுத்து உண்மையைத் தெளிவோமாக.